தில்லியில் விழாதவரைத் தேடி

மெட்ரோ நிலையத்தின் சோதனை இயந்திரத்துக்குள் போன பை மறுபக்கம் வெளியே வரவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காவலர் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

“உள்ளே கத்தி இருக்கிறதே, யாருடைய பை இது?”

என் மகள் தாரணி முன்னால் போய்ப் பையைத் திறந்தாள். வெள்ளை ஷூ ஒன்றை எடுத்து, அடியிலிருந்த தகட்டின் ரப்பர் உறையை உருவிக் காட்டினாள். “ஐஸ் ஸ்கேட்டிங், அண்ணா” என்று இந்தியில் சொன்னாள். அவர் கட்டைவிரலால் தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வெளியே மே மாத அனல்காற்று காலையிலேயே ஆர்.கே.புரத்தின் வேப்ப மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. “ஐஸா? தில்லியிலா? இந்த வெயிலிலா?” என்று கேட்டுவிட்டு, “எனக்கும் ஒரு துண்டு கொண்டு வாம்மா” என்று பையைத் தள்ளிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தி என்று அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

ரயில் வந்தது. தாரணி ஏறினாள், பின்னாலேயே நானும் ஏறினேன். கதவு மூடிய பிறகுதான் பெட்டி முழுக்கப் பெண்கள் என்பது தெரிந்தது. முதல் பெட்டி அவர்களுக்கு மட்டுமாம். மடியில் அலுவலகப் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், “உங்கள் பெட்டி அடுத்தது, அங்கிள்” என்றார். நான் மகளைக் கைகாட்டினேன். “அவளை நாங்கள் தின்றுவிட மாட்டோம்” என்றார். பெட்டியே சிரித்தது. தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு பெட்டிகளும் சேரும் இடத்தில், கால் ஆண்கள் பக்கமும் கண் பெண்கள் பக்கமுமாக, ஹௌஸ் காஸில் குருகிராம் ரயிலுக்கு மாறும்வரை நின்றுகொண்டே வந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பிக்கிறேன். வருடா வருடம் உராய்வைப் பற்றிப் பாடம் எடுக்கிற எனக்கு, உராய்வு இல்லாத தரையில் ஆடியே தீருவேன் என்கிற மகள் வாய்த்திருக்கிறாள். எங்கள் ஊர் சிமென்ட் தரையில் சக்கர ஷூவோடு தொடங்கியவள், குருகிராமில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனித்தளத்துக்கு இரண்டு கோடை விடுமுறைகளில் தன் அம்மாவோடு வந்து பழகினாள். இந்த வருடம் நான்தான் கூட்டிப்போவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தேன். காரணம், போன தீபாவளிக்கு முன்னால் அவள் ஊரில் விழுந்தது.

ஆக்சல் என்று ஒரு குதிப்பு. மற்றக் குதிப்புகளுக்கெல்லாம் பின்பக்கமாக வழுக்கிவந்து எழும்புவார்கள். இதற்கு மட்டும் போகிற திசையைப் பார்த்தபடி எழும்ப வேண்டும். காற்றில் ஒன்றரைச் சுற்று. அன்றைக்குச் சிமென்ட் தரையில் அதைத்தான் செய்தாள். நன்றாகவே எழும்பினாள். இறங்கும்போது தலை தரையில் மோதியது. நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தோளிலிருந்து வாசலில் இறக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். சிறிது நேரம் அவளுக்கு நினைவில்லை. பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கேன், மாதக்கணக்கில் ஓய்வு. நரம்பியல் மருத்துவர் கடைசியில் ‘இனி ஆடலாம்’ என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்தது ஸ்கேனை. நான் பார்த்தது அவள் விழுந்ததை. அன்றிலிருந்து அவள் எழும்பும் நொடியில் என் கண் தானாகக் குனிந்து என் செருப்பைப் பார்க்கப் போய்விடுகிறது.

முகாம் ஒரு வாரம். கடைசி நாள் எல்லோரும் ஆடிக் காட்ட வேண்டும். தேறுகிறவர்களை வருடம் முழுக்கப் பயிற்சி தரும் முதல் குழுவில் சேர்ப்பார்கள். தாரணியின் வயதில் ஆக்சலை முயன்றுகூடப் பார்க்காதவர்களுக்கு அந்தக் குழுவில் இடமில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். என் நிபந்தனை ஒன்றுதான்: ஆக்சல் கூடாது. தாரணி “சரிங்கப்பா” என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

துணிக்கடைகளையும் செருப்புக்கடைகளையும் தாண்டி மேல்தளத்துக்குப் போனால், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று அந்தத் தளம். வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்த சட்டை உள்ளே போனதும் ஐஸ் ஒத்தடமாக மாறிவிட்டது. பெற்றோர் உட்காரும் பெஞ்சுகளில் அத்தனை பேரும் கம்பளியோடு இருந்தார்கள். அரைக்கைச் சட்டையோடு நடுங்கியவன் நான் ஒருவன்தான். பக்கத்திலிருந்த மிஸஸ் சேத்தி தன்னிடமிருந்த இரண்டு சால்வைகளில் ஒன்றை என் பக்கம் தள்ளினார். ரோஜா நிறம், ஓரத்தில் பூவேலை. வாரம் முழுக்க அதைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகனும் ஆடுகிறான். அலுமினியத் தாளில் சுற்றிய முள்ளங்கிப் பராத்தாவும் மாங்காய் ஊறுகாயும் தினமும் கொண்டுவருவார். வேண்டாம் என்றால் அது உடல்நலக் குறைவு என்று எடுத்துக்கொண்டு இன்னொன்று வைப்பார்.

பயிற்சியாளர் நேகி மேடம் சிம்லாப் பக்கத்துக்காரர். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. தளத்தின் நடுவில் தாரணியை நிறுத்திக் கைதட்டி, “கரோ!” என்று கத்தினார்.

எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ப் பட்டறை இந்தி. வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்களிடம் பேசிப் பழகியது. லாவ் என்றால் கொண்டு வா, ஜாவ் என்றால் போ, கரோ என்றால் செய். செய் என்று சொன்னதும் என் மகள் விழுந்தாள்.

எழுந்தாள். “கரோ!” மறுபடி விழுந்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. எதைச் செய்யச் சொன்னாலும் விழுகிறாளே, உடம்பில் இன்னும் ஏதோ சரியில்லை, மருத்துவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ரோஜா நிறச் சால்வையோடு தடுப்புச் சுவருக்கு ஓடினேன்.

“மேடம், நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் விழுகிறாள்” என்றேன் ஆங்கிலத்தில்.

“ஆமாம். நன்றாகவே விழுகிறாள்” என்றார் நேகி மேடம்.

“அவளால் முடிந்த எதையாவது செய்யச் சொல்லுங்கள்.”

“முடிந்ததைத்தானே செய்கிறாள்?”

நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். தாரணி வழுக்கிக்கொண்டே வந்து சுவரைப் பிடித்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. “அப்பா, கரோ இல்லீங்கப்பா. கிரோ. விழுன்னு சொல்றாங்க. அடிபட்டுத் திரும்பி வந்தவங்களுக்கு மொதப் பாடம் விழுகறதுதான். போயி உக்காருங்கப்பா, ப்ளீஸ்.”

இந்தியில் இரண்டுக்கும் வேறு வேறு க; தமிழில் ஒரே க, மேலே ஒரு சுழிதான் கூடுதல். நான் என்ன செய்வது?

தங்கியிருந்தது ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில், என் பெரியப்பா மகன் பழனிச்சாமி அண்ணன் வீட்டில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. இங்கே வந்து பாதி ஆயுள் ஆகியும் பேச்சு மட்டும் பொள்ளாச்சியிலேயே இருக்கிறது. அண்ணி அன்றிரவு அரிசிம்பருப்புச் சோறு வைத்திருந்தார். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் ராஜ்மா. அண்ணன் மகள் மேகாவுக்கு ராஜ்மா இல்லாமல் எந்தச் சோறும் இறங்காதாம். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் தமிழ் பாதி வழியில் இந்தியாகிவிடும்.

கரோ, கிரோ கதையைத் தாரணி சொல்லி முடித்ததும் அண்ணன் சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். “ஏந்தம்பி, விழுகறதுக்குச் சொல்லிக் குடுக்கவா இவ்வளவு தூரம் கூட்டியாந்தீங்க? நம்மூருலயே நாலு பேரு சும்மா தள்ளி உட்டிருப்பாங்களே?”

“பப்பா, நீங்க சுப்!” என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள் மேகா. “அது டெக்னிக். எல்லா பெரிய ஸ்கேட்டரும் அப்படித்தான் சீக்கறாங்க, கத்துக்கறாங்க.”

“பெரிய ஸ்கேட்டருன்னா யாரு? அதச் சொல்லு மொதல்ல.”

இப்படித்தான் அந்த விவாதம் தொடங்கியது. வாரம் முழுக்க ஓடியது. இந்த ஆட்டத்தில் எல்லாரிலும் பெரிய ஆள் யார்? பெண்கள் இருவரும் சொன்ன பெயர்கள் அண்ணனுக்கும் எனக்கும் வாயில் நுழையவில்லை. அதனால் ஊர்ப் பெயராலேயே அழைத்தோம்.

தாரணியின் ஆள் ஜப்பான்காரர். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். மூன்றாவது ஒலிம்பிக்கில், அதுவரை போட்டியில் யாருமே ஒழுங்காக இறங்கியிராத நாலரைச் சுற்று ஆக்சலுக்கு முயன்று, விழுந்து, பதக்கமில்லாமல் வீடு திரும்பியவர்.

“அப்பறம் அந்த நாலரைய யாரு செஞ்சா?” என்றார் அண்ணன்.

“ஒரு அமெரிக்காப் பையன், பெரியப்பா.”

“அப்ப அவந்தான பெரிய ஆளு?”

“அப்படி இல்லீங்க பெரியப்பா.”

மேகாவின் ஆள் பிரான்ஸ்காரி. தலைகீழ்ப் பல்டிக்குத் தடை இருந்த காலத்தில், ஒலிம்பிக்கிலேயே அதை அடித்து ஒற்றைக் காலில் இறங்கியவராம். “மார்க் போகும்னு தெரியும், சித்தப்பா. தெரிஞ்சே அடிச்சா. க்யா பாத் ஹை, சபாஷ்!”

“எவன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மென்ட் வேலை வாங்குனானோ அவந்தான் பெரிய ஆளு” என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். அண்ணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டு வாயை அடைத்தார்.

“சித்தப்பா, உங்க ஆள்?”

“விழாதவங்க யாரோ அவங்க” என்றேன்.

“அப்படி யாராவது இருக்காங்களா?”

“இருப்பாங்க. நான் கண்டுபிடிக்கறேன்.”

தாரணி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாளிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடினேன். விளையாட்டாக அல்ல. விழாத ஒருவரைக் காட்டிவிட்டால் போதும். குதிக்காமலும் பெரிய ஆளாகலாம், பத்திரமாக ஆடுவதும் ஒரு பெருமைதான் என்று மகளுக்கு நிரூபித்துவிடலாம். அந்தக் காலத்து நார்வேக்காரி ஒருவரைக் கண்டுபிடித்தேன். மூன்று ஒலிம்பிக் தங்கம். கறுப்புவெள்ளைப் படத்தில் பொம்மைபோலச் சுற்றினார், விழவே இல்லை. மேகாவுக்கு அனுப்பினேன். “அப்போ கேமராவே எப்பவாவதுதான் வரும், சித்தப்பா” என்று பதில் வந்தது.

மிஸஸ் சேத்தி எட்டிப் பார்த்தார். அவருடைய ஆள் பழைய கிழக்கு ஜெர்மனிக்காரி. “ஜட்ஜைப் பார்ப்பாள் பாருங்கள் ஒரு பார்வை, அதற்கே பாதி மதிப்பெண் போட வேண்டும்.”

“விழுந்திருக்கிறாரா?”

“யாருக்கு ஞாபகம்? அவள் முகம்தான் ஞாபகம். பராத்தா எடுத்துக்கொள்ளுங்கள்.”

மூன்றாம் நாள் கொரியாக்காரி கிடைத்தார். கலந்துகொண்ட போட்டி எதிலும் முதல் மூன்று இடங்களைவிட்டுக் கீழே இறங்கியதே இல்லை என்று போட்டிருந்தது. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சால்வை நழுவியது. அன்று மாலை மேகா எங்களை முனிர்காவுக்கு மோமோ தின்னக் கூட்டிப்போனாள். பைக்குகளும் மின் ரிக்‌ஷாக்களும் உரசிக்கொண்டு போகும் சந்து. கொழுக்கட்டைபோல ஆவியில் வெந்த மோமோவுக்குத் தொட்டுக்கொள்ளச் சிவப்புச் சட்னி ஒன்று கொடுத்தார்கள். ஊரில் காரம் தின்று வளர்ந்தவன் என்ற திமிரில் ஒரு மோமோவை முழுக்கத் தோய்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்ட, அந்த நிலையிலேயே என் கண்டுபிடிப்பை அறிவித்தேன்.

“மேடையைவிட்டு எறங்குனதே இல்ல. என்ன சொல்றீங்க ரெண்டு பேரும்?”

மேகா போனில் எதையோ தேடி என் முன்னால் நீட்டினாள். அதே கொரியாக்காரி. சின்ன வயது, அழகான ஆட்டம். எழும்பினார், விழுந்தார். எழுந்து ஆடினார். இன்னொரு குதிப்பு. மறுபடி விழுந்தார்.

“இந்தப் போட்டியிலும் தேர்டு வந்தா” என்றாள் மேகா. “போடியத்தில இருந்து கிரி நஹீன், விழல. ஐஸ்ல கிரி, விழுந்தா.”

என் முகத்தைப் பார்த்துத் தாரணிக்குப் பாவமாகிவிட்டது போலும். பேச்சை மாற்ற நினைத்துத் தன் ஜப்பான்காரரின் காணொளி ஒன்றைக் காட்டினாள். ஆட்டத்துக்கு முன் பழகும்போது இன்னொருவரோடு மோதிக்கொண்டு, தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடுகிறார். விழுகிறார், எழுகிறார், திரும்பத் திரும்ப விழுகிறார்.

“அவங்கப்பன் எங்க போயிருந்தான்?” என்றேன்.

“என்னதுங்கப்பா?”

“தலையில கட்டுப் போட்டவன ஆட உட்டுப்போட்டு அவங்கப்பன் எங்க போயிருந்தான்னு கேக்கறேன்!” மோமோக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். “இதெல்லாம் ஒரு பெருமையா? தடுத்திருக்கோணும். யாராச்சும் ஒருத்தர் குறுக்க போயி நின்னிருக்கோணும்.”

இதில் நான் இன்றைக்கும் மாறவில்லை. தடுத்திருக்கத்தான் வேண்டும்.

தாரணி போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். “நானும் அதத்தாங்கப்பா சொல்றேன். அவரு எனக்குப் பெரிய ஆளு. ஆனா அன்னிக்கு ஆடுனது தப்பு” என்றாள். பையை மூடிவிட்டு, “எனக்கு இப்பத் தலையில கட்டு இல்லீங்கப்பா” என்றாள்.

மேகா மீதி மோமோவைப் பொட்டலம் கட்டச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை அடுக்களையில் அண்ணியிடம் காப்பி வாங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சிலிண்டர் இறங்கியது. டம்ளர் என் கையிலிருந்து போய்விட்டது. அண்ணி தரையைத் துடைத்துவிட்டு, “சாயங்காலம் மலை மந்திர் போயிட்டு வரலாம். நம்ம முருகன்தான்” என்றார். குன்றேறிப் போனோம். எல்லோரும் அவரவருக்கானதை வேண்டிக்கொண்டார்கள். நான், கடைசி நாள் அந்த மாலில் மின்சாரம் போய்ப் பனியெல்லாம் உருகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெரிய மால். ஜெனரேட்டர் இருக்கும் என்பது படியிறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், தேட இனி ஆளில்லாமல், போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தளத்தைப் பார்த்தேன். தாரணி நிபந்தனையை மீறவில்லை. சின்னக் குதிப்புகள் மட்டும்தான். இடையிடையே “கிரோ!” என்றால் விழுவாள். முதன்முறையாக அதைப் பாடமாகப் பார்த்தேன். தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. கைகள் உள்ளே மடங்குகின்றன. இடுப்பின் பக்கவாட்டில் சாய்ந்து, விழுந்த வேகத்திலேயே சர்ரென்று வழுக்கிப் போகிறாள். சிமென்ட் தரை விழுந்தவளை அங்கேயே பிடித்து நிறுத்தியது. வேகம் முழுவதும் தலையில் இறங்கியது. இங்கே வேகத்துக்குப் போக வழியிருக்கிறது. உராய்வைப் பற்றி வகுப்பில் நானே வரைந்து காட்டுகிற அம்புக்குறிகள்தான். மகள் விஷயத்தில் அந்த அம்புகள் எனக்குத் தெரியவே இல்லை.

பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை. பனியிலும் தலை அடிபடும். நேகி மேடத்திடம் போய், பயிற்சியில் எப்போதாவது ஆக்சலிலிருந்து விழுவதற்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். போன வருடம் ஒழுங்காக இறங்கியவள்தான், எழும்பாமல் சும்மா விழ மட்டும் தினமும் பழகுகிறாள், தலைக்குப் பஞ்சுப் பட்டையும் கட்டிவிடுகிறேன், எழும்ப நீங்கள் விட வேண்டும் என்றார். மிஸஸ் சேத்தி பராத்தாவைப் பிய்த்தபடி, “உங்கள் விழாதவர் கிடைத்துவிட்டாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “தேடுங்கள், தேடுங்கள்” என்றார்.

கடைசி நாள் ஒரு பட்டாளமே கிளம்பியது. அண்ணன் விடுப்புப் போட்டிருந்தார். அண்ணி தூக்கில் புளிச்சோறு எடுத்துக்கொண்டார். ரயிலில் மூன்று பெண்களும் முதல் பெட்டிக்குப் போனார்கள். நான் இந்தத் தடவை அடுத்த பெட்டியில் ஏறி உள்ளே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு ஒரு சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நேகி மேடம் என்னைக் கேட்பார். கேட்டால் ஆங்கிலத்தில் சொல்லக்கூடாது, மகள் காதுபட அவர் மொழியிலேயே பட்டென்று சொல்லிவிட வேண்டும். ‘கரேகி’. செய்வாள்.

கேட்டார். தாரணியின் முறைக்கு முன்னால் தடுப்புச் சுவருக்கு வந்து, அத்தனை பெற்றோர் முன்னாலும், “ஆக்சல் கரேகி?” என்றார். தாரணி என்னைப் பார்க்கவில்லை. காலடித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சுப் பட்டைக்கு வெளியே முடி பிதுங்கியிருந்தது.

நான் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, உரக்கச் சொன்னேன்.

“கிரேகி!”

பெஞ்சே சிரித்தது. விழுவாள் என்று சொல்லிவிட்டேன். பெற்ற தகப்பன், மகள் ஆடப்போகும் நேரத்தில், எல்லோர் முன்னாலும். மிஸஸ் சேத்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். “தம்பி, அது கரேகி, கரேகி!” என்று பின்னாலிருந்து அண்ணன் பதறினார்.

நேகி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. “கிரேகி?” என்று திருப்பிக் கேட்டார். விழுவாள், சரி, அப்புறம்?

நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். “தோனோ” என்றேன். இரண்டும்.

தாரணி இப்போது என்னைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம். பிறகு திரும்பித் தளத்தின் நடுவுக்குப் போய்விட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஆட்டத்தை வர்ணிக்க எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது ஒரே வேலை. செருப்பைப் பார்க்கக்கூடாது. மிஸஸ் சேத்தியின் சால்வையை இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூலையைச் சுற்றி வந்தாள். பின்பக்கமாக வந்தவள் முன்பக்கம் திரும்பினாள். வருகிறது என்று தெரிந்துவிட்டது. கழுத்து குனியப் பார்த்தது. விடவில்லை. எழும்பினாள். ஒன்று. அரை. தகடு பனியைத் தொட்டது. தொட்ட கால் மடங்கியது.

சர்ர்ர்.

அந்தச் சத்தம்தான். சிலிண்டர் இல்லை. தாடை நெஞ்சில், கைகள் உள்ளே, இடுப்பில் சாய்ந்து வழுக்கி, அதே வழுக்கலில் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்துவிட்டாள். பாட்டு அவளுக்காக நிற்கவில்லை. அடுத்த அடியில் அதைப் பிடித்துக்கொண்டாள். “ஷாபாஷ்!” என்று மிஸஸ் சேத்தி கத்தினார். அண்ணி அழுதார். அண்ணன், “விழுந்ததுக்கு மார்க் உண்டா, மேகா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் குழுவில் இடம் கிடைக்கவில்லை. விடுமுறைகளில் மட்டும் வந்து பழகும் இரண்டாம் குழுவில் போட்டார்கள். காலாண்டு விடுமுறைக்கு மறுபடி வர வேண்டும். “எழும்பியது சரி. இறங்குவது திரும்பி வரும்” என்றார் நேகி மேடம். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் வாருங்கள். ஆனால் இந்தி படித்துக்கொண்டு வாருங்கள்” என்றார். சால்வையை மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது மிஸஸ் சேத்தி வாங்கவில்லை. விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும் காலையில், தளத்தின் ஓரத்தில் சுரண்டி எடுத்து அண்ணியின் ஃபிரீசரில் வைத்திருந்த பனியைத் தாரணி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். மெட்ரோ வாயிலில் அதே காவலர்தான் இருந்தார். டப்பாவைத் திறந்து பார்த்தார். பாதி தண்ணீராகிவிட்டது. மீதியை எடுத்துப் பிடரியில் தேய்த்துக்கொண்டு, பையைத் திறக்கச் சொல்லாமலே எங்களை அனுப்பினார்.

ஊர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம். ஆக்ராப் பக்கம் வெயில் தண்டவாளத்தில் நெளிந்துகொண்டிருந்தது. என் மனைவி ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்து, விழுந்ததையும் எழுந்ததையும் முதலிலிருந்து கேட்டுவிட்டாள்.

“இப்பச் சொல்லுங்கப்பா” என்றாள் தாரணி. “யாரு பெரிய ஆளு?”

“அந்த ஜப்பான்காரனோட அப்பன்” என்றேன்.

“அவரு எங்கீங்கப்பா ஆடுனாரு?”

“ஆடல. அந்தக் கட்டப் பிரிச்சதுக்கு அப்பறம், மறுபடி மொத மொதல்ல அவன் எந்திரிச்சுக் குதிச்சிருப்பான்ல, அன்னிக்கு எங்காச்சும் ஓரமா உக்காந்து, கண்ணத் தொறந்து பார்த்துட்டு இருந்திருந்தா, அவருதான்.”

“இருந்தாரான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

அவள் அதை யோசித்துக்கொண்டே ஒரு நிலக்கடலையைப் பொறுக்கித் தின்றாள். விழாதவர்கள் யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டாள். இல்லை, அந்தத் தேடலை முடித்துவிட்டேன் என்றேன்.

“நீங்க பார்த்துட்டுத்தாங்கப்பா இருந்தீங்க” என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பி. “எந்திரிக்கறப்போ நான் மொதல்ல உங்களத்தான் பார்த்தேன்.”